கரையான் கணக்கு

ஆடிட், இயர் எண்டிங், அப்புறம் வீட்டில் கரையான். முதல் ரெண்டும் வருஷா வருஷம் வருவது, பழகிப் போச்சு. மூணாவது எனக்குப் புதுசு. அதைப் பற்றித்தான் இன்றைக்கு.

பெங்களூரு ஜே.பி. நகரில் நாங்கள் இருப்பது 30க்கு 40 சைட்டில் 1998-ல் யாரோ கட்டிய வீடு. 2013-ல் கடன் போட்டு வாங்கினேன். கீழே 900 சதுர அடியில் நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பெருக்கிக்கொண்டே உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "எய்யா, இங்க வந்து பாரு. செல்லு வச்சிருக்கு." பீரோவுக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் மூலையிலிருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு மண் கோடு மேலே ஏறி, அலமாரிச் சட்டத்துக்குள் போயிருந்தது. விரலால் தட்டினால் சட்டம் டொக்கென்று காலியாகச் சத்தம் போட்டது.

வேலைக்கு மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டேன். முதல் ஆள், சதுர அடி 5 ரூபாய், மொத்தம் 4,500. "பில் எல்லாம் எதுக்கு சார்" என்றார். ஒரு வருஷ கேரண்டி. இரண்டாவது ஆள் சதுர அடி 12 ரூபாய், அதாவது 10,800, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 12,744. ஐந்து வருஷ கேரண்டி. மூன்றாவது, டை கட்டிக்கொண்டு வந்தவர், சதுர அடி 20 ரூபாய், வரியோடு 21,240. அதே ஐந்து வருஷம், கூடவே வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

ஒரே வீடு, ஒரே பூச்சி, மூன்று விலை. லோன் பேப்பர் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? எதற்கு இந்தக் காசு, முன்பெல்லாம் யார் இதைக் கொடுத்தார்கள் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. (பி.காம் புத்தி, மன்னிக்கவும்.)

கரையான் நமக்குப் புதிய எதிரி இல்லை. தேவார ஏடுகளைத் தேடி ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலில் பூட்டியிருந்த அறையைத் திறந்தபோது, ஏடுகள் மேல் புற்று மூடியிருந்தது என்பது நாமெல்லாம் கேட்ட கதை. கிடைத்தது கொஞ்சம், போனது நிறைய. அதே புற்றை நாம் கும்பிடவும் செய்கிறோம். திருவாரூரில் சிவனுக்கே வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார் என்று பெயர். இங்கே கன்னடத்தில் கரையான் 'கெத்தலு', புற்று 'ஹுத்த'. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய பழமொழி அவர்களுக்கும் உண்டு. சைட்டில் ஒரு ஹுத்த இருந்தால் அதை இடிக்கத் தயங்குகிற வீட்டுக்காரர்களை இன்றைக்கும் பெங்களூரில் பார்க்கலாம்.

இந்தப் பூச்சியை விஞ்ஞான முறையில் முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் தஞ்சாவூர்ப் பக்கம்தான் அதைச் செய்தார். யோகான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர், 1768-ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷன் மருத்துவராக வந்தவர். 'வெள்ளை எறும்பு' பற்றிய அவருடைய கட்டுரை 1779-ல் பெர்லினில் அச்சானது. ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி ஸ்மீத்மன் லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதியது 1781-ல். ஆக, நம்மூர் செல்லுக்குத்தான் இரண்டு வருஷம் சீனியாரிட்டி!

சரி, மருந்துக் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டுக்கு நிலையும் கதவும் தேக்கில் செய்தார்கள். கூரைக்குக் கைமரம் முற்றிய பனை. வைரம் பாய்ந்த பனையைக் கரையான் லேசில் தொடாது. சுவருக்குள் புதையும் மரத்தின் முனையில் தார் பூசுவார்கள். கன்னியாகுமரிப் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய். இதெல்லாம் வீடு கட்டும்போதே கொடுக்கிற விலை.

அதற்குமேல் தினமும் கொடுக்கிற விலை ஒன்று இருந்தது. ஆச்சி காலையில் விளக்குமாற்றோடு மூலை மூலையாகப் போவாள். மண் கோடு தெரிந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவாள். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பு; பெட்டி, பீரோ, நெல் குதிர் எல்லாம் இடம் மாறும். இன்றைக்கு டை கட்டியவர் 'ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷன்' என்று சொல்லி ரூபாய் கேட்பது இதைத்தான். ஆச்சிக்கு யாரும் பில் போடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெங்களூரு இதற்கு வேறொரு வழி கண்டது. இந்த ஊரின் அடியில் முழுக்கப் பாறை. லால்பாக் குன்றுக்கே சுமார் 300 கோடி வருஷ வயது என்கிறார்கள். அஸ்திவாரத்துக்கு சைஸ் கல், காம்பவுண்டுக்குப் பலகைக் கல், பழைய வீடுகளில் தூணும் கூரையும்கூடக் கல். 1898-ல் பிளேக் வந்து, ஊர் பயந்து, மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்த காலத்து வீடுகளைப் பார்த்தால் தெரியும். மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவில் கல் இருக்கும். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண் சாந்து வைத்துக் கட்டியிருந்தால் அந்தச் சந்து கரையானுக்குச் சுரங்கப்பாதை. கல்லைத் தின்ன வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு வந்தால் போதும்.

மரத்துக்கே மருந்தேற்றும் வித்தையில் ஓர் இந்தியர் உலகத்துக்கே வழி காட்டினார். சோந்தி காமேசம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-ல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கரைசல் செய்தார். பெயர் 'ஆஸ்கு'. அழுத்தம் கொடுத்து ஏற்றினால் மரத்தோடு பிடித்துக்கொள்ளும், மழையில் எளிதில் கரைந்து போகாது. தந்திக் கம்பத்திலிருந்து அமெரிக்க வீட்டுத் திண்ணை வரைக்கும் பல பத்தாண்டுகள் இந்த வகை மருந்துதான். இங்கே மைசூர் சமஸ்தானம் 1938-ல் பெங்களூரில் ஒரு வன ஆராய்ச்சிக் கூடம் தொடங்கியது. அதன் வழி வந்ததுதான் 1988-லிருந்து மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர விஞ்ஞானத் தொழில்நுட்ப நிறுவனம். ஆஸ்கு கதையின் முடிவு என்ன தெரியுமா? ஆர்சனிக் பயத்தில் 2003 கடைசியோடு அமெரிக்க வீடுகளுக்கு அந்த மரம் நிறுத்தப்பட்டது. எழுபது வருஷம் மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு பாக்கி இருந்திருக்கிறது.

இந்தப் 'பாக்கி' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது பெரிய பாக்கி.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு குளோர்டேன், ஹெப்டாகுளோர், ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்று ஒரு பட்டாளம் வந்தது. ஆல்ட்ரினும் டீல்ட்ரினும் பெயர் வாங்கியது 1950-ல் வேதியியல் நோபல் பெற்ற டீல்ஸ், ஆல்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்களிடமிருந்து. மண்ணில் ஒரு தடவை ஊற்றினால் போதும். குளோர்டேன் இருபது வருஷத்துக்கு மேலும் மண்ணில் நிற்கும். விலையும் குறைவு. வீடு கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் நாட்டில் கரையான் தடுப்புக்கென்று ஐ.எஸ். 6313 என்ற தர விதி 1971-ல் வந்தது. 1981-ல் திருத்தியபோதும் அதில் சொல்லியிருந்த மருந்துகள் ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், குளோர்டேன். சர்க்கார் கட்டிடம், குவார்ட்டர்ஸ், தனி வீடு என்று அந்தக் காலத்தில் ஒழுங்காக மருந்தடித்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் அடித்திருப்பார்கள்.

மண்ணில் இருபது வருஷம் நிற்கிற மருந்து மண்ணோடு நிற்கவில்லை. உடம்பில் கொழுப்பில் சேர்ந்தது, தாய்ப்பாலில் வந்தது, பறவை முட்டையில் வந்தது. ரேச்சல் கார்சன் 1962-லேயே 'மௌன வசந்தம்' புத்தகத்தில் இந்தக் குடும்பத்து மருந்துகளைப் பற்றி எச்சரித்தார். அமெரிக்கா குளோர்டேனை முழுசாக நிறுத்தியது 1988-ல். இந்தியா ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் மூன்றையும் 1996-ல் தடை செய்தது. டீல்ட்ரின் 2001-ல் போனது. லிண்டேனுக்கு 2011-ல் தடை உத்தரவு. 2001-ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் ஒழிக்க வேண்டியவை என்று முதலில் எழுதிய பன்னிரண்டு பெயர்களில் மேலே சொன்ன நால்வரும் உண்டு. இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்றது 2006-ல்.

பிறகு குளோர்பைரிபாஸ் ஆட்சி. 1965-ல் விற்பனைக்கு வந்த மருந்து. எங்கள் வீடு கட்டிய 1998-ல் மருந்து அடித்திருந்தால் அநேகமாக இதுதான். இது சில வருஷங்களில் சிதைந்துவிடும். ஆனால் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக்கு ஆகாது என்று 2000-ல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்தை நிறுத்த முடிவானது. 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள் இதையும், சில விதிவிலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டன.

ஐ.எஸ். 6313-ன் 2013 திருத்தத்தில் குளோர்பைரிபாஸோடு இமிடாகுளோப்ரிட், பைபென்த்ரின் இரண்டும் இருக்கின்றன. இமிடாகுளோப்ரிட் வாசனை இல்லாதது. சில மருந்துகள் கரையானை விரட்டும். அது வேறு சந்து தேடும். இது இருப்பதே கரையானுக்குத் தெரியாது. அதன் வழியாக நடக்கும், உடம்பில் ஒட்டிக்கொண்டு போய்க் கூட்டாளிகளுக்கும் பரப்பும். சாதுவான மருந்து என்று நினைக்க வேண்டாம். தேனீக்கு ஆகாது என்று ஐரோப்பாவில் வயல்வெளிகளில் தடை வாங்கியது இதுவேதான்.

இந்தக் கதையைப் படித்து முடித்தபோது எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கரையான் மருந்து இப்போது விலை ஏறிவிட்டது என்று நாம் புலம்புகிறோம். உண்மையில், முன்பு கணக்கில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறோம். அதை ஒரு காலத்தில் ஆச்சி உடம்பால் கொடுத்தாள். பிறகு ஒரு முப்பது நாற்பது வருஷம் மண்ணும் நிலத்தடி நீரும் நமக்காகக் கொடுத்தன. நாம் ஒரே தடவை கொஞ்சம் காசு கட்டிவிட்டு முடிந்தது என்று நினைத்தோம். இப்போது சீக்கிரம் சிதையும் மருந்து. ஆகவே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நாமே தவணை கட்டுகிறோம்.

சரி, தவணை என்றால் நியாயமான தவணையா என்று பார்க்க வேண்டாமா? தர விதியை வைத்துக்கொண்டு டேப்பை எடுத்தேன்.

கட்டி முடித்த வீட்டுக்கு விதி சொல்வது இது. சுவரும் தரையும் சேரும் இடத்தில், சுவரை ஒட்டி, சுமார் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. 12 மில்லிமீட்டர் அகலம், கீழே மண் தட்டும் வரை ஆழம். துளைக்கு ஒரு லிட்டர் கரைசல். பிறகு அடைத்துவிட வேண்டும். கதவு நிலை சுவரோடு சேரும் இடத்தில் 6 மில்லிமீட்டர் துளை, 150 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஏன் இத்தனை துளை? கூடு மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தெரிகிற நூறு பேரைக் கொன்றால் கீழே ராணி போட்டுக்கொண்டே இருப்பாள்.

எங்கள் கீழ் வீட்டில் அறை அறையாக அளந்ததில் உள்சுவர் ஓரம் 210 அடி. அடிக்கு ஒரு துளை என்றால் 210 துளை, 210 லிட்டர் கரைசல். 20 சதவீத குளோர்பைரிபாஸை ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்தால்தான் விதிப்படி 1 சதவீதம். அப்போது பத்தரை லிட்டர் மருந்து வேண்டும். 30.5 சதவீத இமிடாகுளோப்ரிட் என்றால் லிட்டருக்கு சுமார் 2.1 மில்லி; மொத்தம் 441 மில்லி.

முதல் ஆளிடம், "எவ்வளவு மருந்து கொண்டு வருவீங்க?" என்று கேட்டேன். "ஒரு லிட்டர் கேன் சார், தாராளமா போதும்." குளோர்பைரிபாஸ். ஒரு லிட்டரில் 20 லிட்டர் கரைசல், அதாவது 20 துளைக்கு! அவர் துளை போடுவதாகவே இல்லை. ஓரத்தில் ஸ்பிரே அடித்துவிட்டுப் போவதுதான் திட்டம். வருஷத்துக்கு 4,500 ரூபாய் என்று கணக்குப் போடுங்கள். இரண்டாவது ஆளுடையது வருஷத்துக்கு 2,549, மாசத்துக்கு 212 ரூபாய் சொச்சம். மூன்றாவது வருஷத்துக்கு 4,248. மருந்தும் துளைக் கணக்கும் இரண்டாவது ஆள் சொன்னதேதான். மலிவாகத் தெரிந்ததுதான் மூன்றிலும் அதிக விலை.

இரண்டாவது ஆளுக்கே வேலையைக் கொடுத்தேன். மூன்று நிபந்தனை. மருந்து டப்பா சீல் உடைக்காமல் வர வேண்டும், லேபிளை நான் பார்ப்பேன். துளையை எண்ணுவேன். சம்ப் பக்கத்தில் துளையே கூடாது (பெங்களூரில் குடிதண்ணீர் தரைக்கடியில் சம்ப்பில்தான் நிற்கிறது, அதில் மருந்து கசிந்தால் கரையானோடு நாமும் போக வேண்டியதுதான்). இரண்டு பையன்கள் ஒன்றரை நாள் டிரில் போட்டார்கள். கிரானைட் தரையில் நான்கு பிட் உடைந்தது. அப்போதுதான் தெரிந்தது, நாம் கொடுப்பதில் பெரும்பங்கு மருந்துக்கு இல்லை, அந்த ஒன்றரை நாளுக்கு. எண்ணியதில் 204 துளை. கதவு வாசலைக் கழித்தால் சரியாகத்தான் வந்தது.

வந்த பையன் முதலில் கேட்டது, "எங்கே சார் ஈரம்?" அம்மா சமையலறைக் குழாய்ச் சுவரைக் காட்டினார்கள். உள்ளே குழாய் கசிந்து சுவர் ஊறியிருந்தது. "அஜ்ஜி ஹேளித்து சரி சார்" என்றான். ஈரம் இல்லாமல் கரையான் வாழாது. பிளம்பருக்கு 1,800 ரூபாய். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செலவை வேறு யாராவது ஏற்பார்களா என்றால், மாட்டார்கள். வீட்டுக் காப்பீடு தீ, வெள்ளம், நிலநடுக்கம் என்று பட்டியல் போடும். கரையான் அதில் வராது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் வீட்டுக் கடனுக்குப் பல மாநிலங்களில் கரையான் சோதனைச் சான்று கேட்கிறார்கள். நான் இத்தனை வருஷம் பார்த்த கடன் ஃபைல்களில் பட்டா, வில்லங்கம், வேல்யூவர் ரிப்போர்ட் எல்லாம் இருக்கும், கரையான் பற்றி ஒரு வரி இருந்ததில்லை. 2011-ல் உத்தரப்பிரதேசம் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் சுமார் ஒரு கோடி ரூபாய் நோட்டைக் கரையான் தின்றது. அப்போது எங்கள் கிளையில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

2019-ல் சிரிப்பு நின்றது. அப்பா போனதும் 2016-ல் அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்து, ஊர் வீட்டைப் பூட்டினேன். மூன்று வருஷம் கழித்துக் கோயில் கொடைக்குப் போனபோது பூட்டைத் திறந்தோம். பனங்கை மரம் ஒன்றும் ஆகவில்லை. நிலையும் அப்படியே நின்றது. அலமாரியில் அப்பாவின் பலசரக்குக் கடைப் பேரேடுகள் அடுக்கியிருந்தன. எனக்குப் பற்று வரவு சொல்லிக்கொடுத்தது அந்தப் பேரேடுகள்தான். காலேஜ் எல்லாம் அப்புறம். ஒன்றை எடுத்தேன். சிவப்புக் காலிகோ அட்டை முழுசாக இருந்தது. பிரித்தால் உள்ளே மண். முப்பது வருஷக் கணக்கில் ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்து மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வீட்டில் தப்பான மரம் போடவில்லை, மட்டமாகக் கட்டவில்லை. தினமும் பெருக ஆள் இல்லை, அவ்வளவுதான். வெளியூரில் பிழைக்கப் போன நாம் வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் மினிமம் சார்ஜ் கட்டுகிறோம். இந்த ஒரு பாக்கி ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஊர் வீட்டுக்கும் ஆள் பேசிவிட்டேன். மாசம் இரண்டு நாள் திறந்து பெருக்கிச் சுவரோரம் பார்க்க, தெருவில் இருக்கிற சித்தி ஒத்துக்கொண்டார்கள். காசு வேண்டாம் என்றார்கள். கொடுத்துத்தான் தீருவேன் என்றேன்.

பி.கு.: வீடு கட்டப் போகிறவர்கள் கான்கிரீட் போடும் முன்னாலேயே மண்ணுக்கு மருந்து கொடுத்துவிடுங்கள். தரையை உடைக்கிற ஒன்றரை நாள் கூலி அப்போது கிடையாது. உங்கள் ஊரில் துளைக்கு எத்தனை லிட்டர் ஊற்றுகிறார்கள், சதுர அடி என்ன ரேட்டு? சொல்லுங்கள், பெங்களூருக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.